தூங்கிய புரதமும் விழிப்பு நீரும்

காலை ஒன்பது மணிக்கே வரிசை மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி இரண்டாவது மாடிப் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு ஐஸ் பெட்டி. காய்ச்சல் கண்ட கைக்குழந்தையை மருத்துவரிடம் தூக்கி வந்தவர்களைப் போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த வரிசையில் முனைவர் பட்டம் வாங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் இருமலுக்கு வழி கேட்க வந்த காவலாளி. இன்னொருவன் நான். நான் ஒரு ரசீதில் கையெழுத்து வாங்க வந்தவன், அவ்வளவுதான்.

எல்லோரும் காத்திருந்தது எழுப்புநருக்காக. அவருடைய அட்டையில் "மூலக்கூறு விழிப்பியல் ஆலோசகர்" என்று போட்டிருந்தது. அதை முழுதாகச் சொல்வதற்குள் ஐஸ் உருகிவிடும் என்பதால் எழுப்புநர் என்று சுருக்கிவிட்டார்கள். பக்கத்து நிறுவனங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு பேராசிரியர் முந்தைய நாளே வந்து இடம் போட்டுவிட்டுப் போனாராம்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வு நிறுவனத்தின் கிடங்கு என் பொறுப்பு. பொருள்களுக்கு ஆணை அனுப்புவேன், வந்ததைப் பிரிப்பேன். பொருள் மாடிக்குப் போகும், அதனுடன் வந்த காகிதம் கோப்புக்குப் போகும். இருபது வருடமாக ஒரு காகிதம் தொலைந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இனி, அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். நம் உடம்பில் எங்காவது அடிபட்டால், கிருமி நுழைந்தால், அங்கிருக்கும் செல்கள் ஒரு புரதத்தை வெளியே விட்டுப் பக்கத்துச் செல்களைக் கூப்பிடும். "ஆபத்து, ஓடி வாங்க!" என்பதுதான் அதன் சேதி. உடனே அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும். இதற்கு அழற்சி என்று பெயர். ஆபத்து போன பிறகும் கூச்சல் நிற்கவில்லை என்றால் அதுவே நோய். மூட்டுவாதம் அப்படிப்பட்டது. இந்த அழற்சிப் புரதத்தை ஆராய வேண்டுமென்றால் மனிதனைப் பிழிந்து எடுக்க முடியாது அல்லவா? அதனால் மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக் கொண்டே புரதத்தைச் செய்ய வைத்து, சுத்தம் செய்து, உலர்த்தி, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். "ஆய்வுக்கு மட்டும்" என்று மேலே எழுதியிருக்கும்.

குப்பிக்குள் இருக்கும் புரதம் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு கொஞ்சம். கண்ணுக்குத் தெரியாத சரக்கு புழங்கும் இடத்தில் ஏமாற்றுக்காரனுக்கு நாற்காலி எப்போதும் துடைத்துத் தயாராக இருக்கும்.

நான்கு மாதமாக மாடியில் ஒரே ஒப்பாரி. சிறு குழிகள் நிறைந்த பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, அதில் புரதத்தைக் கரைத்து விடுவார்கள். செல்கள் அழற்சிக் கூச்சல் போட்டால் குழியிலுள்ள இளஞ்சிவப்புத் திரவம் நீலமாக மாறும். நான்கு மாதமாக ஒரு குழிகூட நீலமாகவில்லை. செல்லை மாற்றினார்கள், தட்டை மாற்றினார்கள், ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். இந்த நேரத்தில்தான் எங்கள் இயக்குநர் ஒரு மாநாட்டு விருந்தில் எழுப்புநரின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வாரமே எழுப்புநர் வந்து இறங்கினார். எங்கள் விஞ்ஞானிகள் யாரிடமும் இல்லாத வெளுப்பில் ஒரு வெள்ளை அங்கி. பையில் ஓர் இசைக்கவை. அதுதான், தட்டினால் ரீங்காரமிடுமே, அந்த இரட்டை முள் இரும்பு.

"சார், உங்க புரதம் சாகல" என்றார் இயக்குநரிடம். "தூங்குது. கடல் தாண்டி, விமானத்துல, ஐஸுக்குள்ள வந்திருக்கு. உங்களுக்கே அலுப்பா இருக்காதா?"

"இருக்கும்" என்றார் இயக்குநர்.

"புரதத்துக்கு இருக்காதா?"

இயக்குநருக்கு அது நியாயமாகப் பட்டது. நாற்பது வருடம் உயிரியல் படித்தவர்.

எழுப்புநர் திறந்த குப்பியை ஒரு செப்புத் தட்டில் வைத்தார். இசைக்கவையை மூன்று முறை தட்டினார். குனிந்து, "கண்ணு, எந்திரிடா" என்று குப்பிக்குள் கிசுகிசுத்தார். பிறகு ஒரு கேனிலிருந்து விழிப்பு நீரை ஊற்றினார். மனிதன் காலடி படாத மலைச் சுனையிலிருந்து வருகிற நீர் அது என்றார். மனிதன் காலடி படாத இடத்திலிருந்து கேனில் பிடித்து வந்தது யார் என்று அங்கே கூடியிருந்த பதினான்கு முனைவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் தட்டு முழுக்க நீலம்! ஒருவர் அழுதேவிட்டார். அன்றிலிருந்து எழுப்புநருக்கு மூன்றாம் மாடியில் அறை, பெயர்ப்பலகை, போக வரக் கார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. விழிப்பு நீரைப் புரதம் இல்லாமல் வெறுமனே செல்லுக்கு ஊற்றிப் பார்க்கக் கூடாது. அது நீரை அவமதிப்பதாகுமாம், கோபித்துக்கொண்டு வீரியத்தை இழந்துவிடுமாம். எந்தச் சோதனையிலும் ஒரு குழியில் மருந்தில்லாத வெறும் தண்ணீரை ஊற்றி ஒப்பிட வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். பாடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் "சரிங்க" என்று தலையாட்டினார்கள். ஆனாலும் அறிவாளிகள் ஆயிற்றே, அப்படியே ஊற்றிவிடுவார்களா? விழிப்பு நீரில் கிருமி இருந்துவிட்டால்? நுண்வடிகட்டியில் வடிகட்டித்தான் பயன்படுத்தினார்கள்.

இந்தக் கொண்டாட்டத்தில் அடிபட்டது என் மச்சினி.

என் மனைவியின் தங்கை அவள். எங்கள் வீட்டில் தங்கி அதே நிறுவனத்தில் ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். அந்த அழற்சிப் புரதத்தின் வாயைக் கட்டும் ஒரு மருந்தைச் செய்திருந்தாள். மூட்டுவாதக்காரர்களுக்கு உதவும் என்று நம்பிக்கை. புரதத்தோடு இவள் மருந்தையும் சேர்த்தால் செல்கள் அமைதியாக இருக்க வேண்டும், குழி இளஞ்சிவப்பாகவே நிற்க வேண்டும். எழுப்புநர் வந்த பிறகு ஏழு முறை சோதித்தாள். ஏழு முறையும் நீலம்.

ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டுத் தட்டில் வைத்ததைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"திங்கக்கிழமை குழு கூடுது அத்தான். என் மருந்து தண்டம்னு எழுதி, திட்டத்த மூடப் போறாங்க."

"நீயும் ஒரு தடவ அந்த எழுப்புநரப் பாத்துப் பேசேன்டி" என்றாள் என் மனைவி. ஊரே சொல்லும்போது அவளும் பாதி நம்பியிருந்தாள்.

"பேசினேன்க்கா. என் கைக்கு ராசி இல்லையாம். கையில எதிர் அதிர்வு இருக்காம். இனிமே நான் குப்பியத் தொடக் கூடாதுன்னு இயக்குநர் சுற்றறிக்கை விட்டிருக்காரு. சோதனை நடக்கறப்ப நான் கதவுக்கு வெளியில நிக்கணுமாம்."

என் மனைவியின் முகம் மாறியது. "இவ கைக்கு என்ன கேடு? இந்த வீட்டுல சாதம் குழையாம வடிக்கறதே இவ ஒருத்திதான்!" என்று எழுந்தே விட்டாள். எழுப்புநர் மேலிருந்த பாதி நம்பிக்கையும் அந்தச் சாதத்தோடு வடிந்துபோனது. எனக்கும் பொறுக்கவில்லை. ஆறு வருடம் கண் விழித்தவளை ஓர் இசைக்கவை வெளியே நிறுத்துகிறதே என்று.

"போன வருஷம் இதே மருந்து வேலை செஞ்சுது அத்தான்" என்றாள் மச்சினி. "அஞ்சு தடவ பாத்தேன். அஞ்சு தடவையும் இளஞ்சிவப்பு. மருந்து மாறல. வேற என்ன மாறிச்சு?"

"குப்பி மாறிச்சு" என்றேன் பெருமையாக. "முன்னாடி திரவமா வாங்கினோம். இப்ப உலர்ந்த தூளா வாங்கறோம், விலை மலிவு. அந்த மாற்றத்தச் செஞ்சதே நான்தான்."

அவள் நிமிர்ந்தாள். "தூளா வந்தா எப்படிக் கரைக்கணும்னு கூடவே ஒரு தாள் வருமே?"

"வரும். நூத்திப் பதினேழு தாள் வந்திருக்கு. ஒண்ணுகூட கசங்காம கோப்புல இருக்கு."

"மாடிக்கு ஏன் வரல?"

"காகிதம் கோப்புக்குத்தானம்மா போகும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க நான் விரும்பவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு இருவரும் கிடங்குக்குப் போனோம். முதல் தாளின் இரண்டாவது வரியிலேயே இருந்தது. "திறக்கும் முன் குப்பியைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றவும். பயணத்தில் புரதத் தூள் மூடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும்."

எங்கள் விஞ்ஞானிகள் குப்பியைத் திறந்ததும் முதலில் என்ன செய்வார்கள்? மூடியைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள்.

"நாலு மாசமா புரதத்தக் குப்பையில போட்டுட்டு, காலிக் குப்பியில தண்ணி ஊத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்" என்றாள் மச்சினி. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

இருபது வருடக் கர்வம் அந்த இரண்டாவது வரியில் செத்தது. அதை மறைக்க நினைத்து, "காலிக் குப்பின்னா, அவரு வந்ததும் நீலம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதத்தான் அவர்கிட்டயே கேக்கப் போறேன்" என்றாள்.

திங்கட்கிழமை குழு கூடியது. குழுத் தலைவி வெளியிலிருந்து வந்தவர், மூட்டுநோய் மருத்துவர், சுருக்கமாகப் பேசுகிறவர். மச்சினி எழுந்து நின்றாள்.

"மூடறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு சோதனைங்க மேடம். குப்பிய நான் தொடல. எழுப்புநர் ஐயாவே ஆறு குப்பிய எழுப்பட்டும். எது எதுல என்ன இருக்குன்னு இந்த உறையில எழுதி ஒட்டியிருக்கேன். நாளைக்கு நீங்களே பிரிங்க."

"பேஷாச் செய்யலாம்" என்றார் எழுப்புநர். கூட்டம் என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

நான் குப்பிகளை அடுக்கினேன். ஒன்று முதல் ஆறு வரை எண் மட்டும் ஒட்டியிருந்தது. அவர் முதல் குப்பியைத் தட்டி எழுப்பினார். இரண்டாவதும் மூன்றாவதும் சமர்த்தாக எழுந்தன. நான்காவதிடம் காதை வைத்துக் கேட்டார். "இது கொஞ்சம் அடம் பிடிக்குது" என்று கூடுதலாக ஒரு தட்டு தட்டினார். ஐந்தாவதைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார்! என்னா வீரியம்! என் அனுபவத்துல இப்படியொரு புரதத்தப் பாத்ததில்ல. கையெல்லாம் அதிருது."

இயக்குநர் மெய்சிலிர்த்து, ஐந்தாவது குப்பியைத் தானும் ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தலைவியின் உதவியாளர் ஆறையும் தட்டின் முதல் வரிசையில் ஊற்றினார். இரண்டாவது வரிசையை, தலைவி அனுமதித்ததால், மச்சினி தன் கையாலேயே தயார் செய்தாள். அந்த வரிசையை எழுப்புநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அறை நிரம்பி வழிந்தது. ஐஸ் பெட்டிக்காரர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். தட்டை வெளியே எடுத்தார்கள். முதல் வரிசையில் ஆறும் நீலம்! கைதட்டல் கூரையைப் பிளந்தது. எழுப்புநர் நெஞ்சில் கைவைத்து அடக்கமாகக் குனிந்தார்.

தலைவி உறையைக் கிழித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ரெண்டு, மூணு, அஞ்சு. இந்த மூணு குப்பியிலயும் எதுவும் இல்ல. கிடங்குல இருந்து எடுத்த புதுக் காலிக் குப்பின்னு எழுதியிருக்கு."

கைதட்டல் அப்படியே நின்றது. ஐந்தாவதைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்லாத புரதத்த எப்படிங்க எழுப்புனீங்க?" என்று கேட்டாள் மச்சினி.

எழுப்புநர் அசரவில்லை. "வெறுமைக்குள்ளயும் அதிர்வு உண்டும்மா. அதை எழுப்பறதுதான் உச்சநிலை."

"ஆமா, அப்படியும் இருக்கலாமே" என்று இயக்குநர் அவசரமாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா வருஷா வருஷம் புரதம் எதுக்கு வாங்கறீங்க?" என்றார் தலைவி. "காலிக் குப்பியே போதுமே."

மச்சினி இரண்டாவது வரிசையைக் காட்டினாள். "இந்த முதல் குழியில விழிப்பு நீர் மட்டும்தான். குப்பியும் இல்ல, இசைக்கவையும் இல்ல. நீங்க ஊத்தக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதத்தான் ஊத்தினேன். பாருங்க, நீலம். அடுத்த குழியில அதே நீரப் பத்து நிமிஷம் கொதிக்க வெச்சு ஊத்தினேன். இதுல இருந்தது புரதம்னா முட்டை மாதிரி வெந்து கெட்டிருக்கும். இதுவும் நீலம்."

"அப்ப அதுல என்ன இருக்கு?" என்று வாசலிலிருந்து ஒரு பேராசிரியர் கேட்டார்.

"அழுக்குங்க சார். கிருமியோட மேல்தோல்ல ஒரு நஞ்சு இருக்கும். கிருமி செத்தாலும் அது போகாது, கொதிச்சாலும் லேசுல போகாது. நம்ம வடிகட்டி கிருமியப் பிடிச்சிடும், நஞ்ச விட்டுடும். அந்த நஞ்சப் பார்த்தாலும் செல்லு ஆபத்துன்னுதான் கத்தும். என் மருந்து அழற்சிப் புரதத்த மட்டும்தான் தடுக்கும். அழுக்குத் தண்ணிக்கு நான் மருந்து செய்யல."

"மலைச் சுனை நீரை அழுக்குன்னு சொல்றதா!" எழுப்புநர் குரலை உயர்த்தினார். "இது அபச்சாரம்!"

அப்போதுதான் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் அக்கா, கூடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எந்த மலை சார்? பின்பக்கம் ஏசியில இருந்து சொட்டற தண்ணியத்தான தினமும் புடிச்சிட்டுப் போறீங்க? என் தொட்டிச் செடிக்கு ஊத்த ஒரு சொட்டு மிச்சம் வைக்கறதில்ல. நம்பலன்னா சன்னல் வழியா பாருங்க, இப்பகூட அவரு கேனுதான் ஏசிக் குழாய்க்குக் கீழ நிக்குது."

பதினான்கு முனைவர்களும் ஒரே சன்னலில் முட்டிமோதினார்கள். கீழே, பாசி படிந்த குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கேனில் "விழிப்பு நீர்" என்று பொன்னிற எழுத்து பளபளத்தது. அந்தச் சன்னலை மூன்றாம் மாடிக்காரர்கள் தினமும்தான் திறந்து மூடுகிறார்கள்.

எழுப்புநர் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தார். அங்கே காவலாளி நின்றிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இருமலுக்கு அந்தத் தண்ணியத்தான காலை மாலை குடிக்கச் சொன்னீங்க? ஒரு வாரமா வயித்தால போகுது சார் எனக்கு!"

காவலாளி எழுப்புநரின் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். தலைவி அமைதியாகக் கேட்டார்.

"நீலமா மாறும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எங்கம்மா தெரியும்?" என்றார் எழுப்புநர். அங்கி கசங்கியதும் பேச்சு மாறிவிட்டது. "வந்த அன்னிக்குக் குழாயில தண்ணி வரல. கைக்குக் கிடைச்சதப் புடிச்சேன். மறுநாளு இவங்களே ஓடி வந்து கால்ல விழாத குறையா கும்பிட்டாங்க. இத்தன படிச்சவங்க ஒரு கேள்வி கேக்கல. நான் எதுக்கு வலியப் போய்ச் சொல்லணும்?"

அவர் அங்கே சொன்ன ஒரே உண்மை அதுதான். அதற்குத்தான் யாரும் கைதட்டவில்லை. மாலைக்குள் அங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, புகாரோடு அவரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். அவர் எங்களிடம் கறந்ததைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு துணைக்குழுவும் போட்டாயிற்று.

ஆனால் மச்சினிக்கு அதிலெல்லாம் கவனமில்லை. இரண்டாவது வரிசையில் கடைசி இரண்டு குழிகளைத் தலைவியின் பக்கம் நகர்த்தினாள்.

"இது தாள்ல சொன்னபடி சுழற்றித் திறந்த புரதம். சுத்தமான நீர்ல கரைச்சது. நீலம். பக்கத்துல அதே புரதம், கூட என் மருந்து."

பக்கத்துக் குழி இளஞ்சிவப்பாக இருந்தது. ஒரு துளி நீலம் இல்லை.

தலைவி குனிந்து வெகுநேரம் பார்த்தார். "என்கிட்ட வர்றவங்க காலையில சட்டைப் பித்தானப் போட முடியாம அழறாங்க" என்றார். பிறகு இயக்குநரிடம் திரும்பினார். "இதையா மூடச் சொன்னீங்க?"

திட்டம் இன்னும் மூன்று வருடத்துக்கு நீண்டது. சுற்றறிக்கை கிழிந்தது. அன்று மத்தியானம் மச்சினி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். என் பங்குக்கு நூற்றுப் பதினேழு தாள்களையும் மாடிக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு மேசையிலும் வைத்து மன்னிப்புக் கேட்டேன்.

இத்தோடு எல்லோருக்கும் புத்தி வந்தது என்று முடிக்கத்தான் ஆசை. ஒரு வாரம்தான் ஆனது. இயக்குநர் தானே ஒரு குப்பியோடு மச்சினியின் மேசைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு தடவ உன் கையால தொட்டுக் குடும்மா. உன் கை ராசியான கைன்னு எல்லாரும் பேசிக்கறாங்க."

அவள் தொடவில்லை. "முதல்ல நான் தொடாம செஞ்சு பாருங்க சார். அப்புறம் என் கையப் பத்திப் பேசலாம்" என்றாள்.

அவர் அசடு வழியப் போனார். செய்து பார்த்தாரா, எனக்குத் தெரியாது. உங்களைத்தான் கேட்கிறேன். சக்தி விற்க வருகிறவன் எவனாக இருந்தாலும், "இது இல்லாமல் செய்து பார்க்காதே" என்று ஒரு கட்டளை போடுவான். அவன் பயப்படும் இடம் அதுதான். அதையே முதலில் செய்து பாருங்கள். அதற்குப் பட்டம் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதைத் தலையாட்டுவதற்கு மட்டும் வைத்திருக்காமல் இருந்தால் போதும்.